இடது கைக்கு ஒரு கியர் லீவர்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் ஏ26 வீதி, குண்டசாலை, பல்லேகல, திகன வரைக்கும் சாரதியிடம் பெரிதாக எதையும் கேட்பதில்லை. கைத்தொழிற்பேட்டையையும் கிரிக்கெட் மைதானத்தையும் தாண்டி, தெல்தெனியவுக்கு அப்பால் ஹுன்னஸ்கிரிய மலைப்பக்கம் ஏறத் தொடங்கும்போதுதான் இடது கைக்கு வேலை வருகிறது. உடுதும்பறைக்குப் பிறகு ஹசலக்க நோக்கி இறங்கும் பதினெட்டு வளைவுகளில் அந்தக் கை லீவரை விட்டு நகரவே முடியாது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். இரண்டாம் கியரிலேயே வைத்து, எஞ்சினைக் கொண்டு வண்டியைத் தாங்கிப்பிடிக்க வேண்டும். மலையகத்தில் வண்டி பழகிய எவருக்கும் முதலில் சொல்லித்தரப்படும் பாடம் இது.

இதே பிரதேசத்து வீடுகளில் இன்று ஸ்டியரிங் சக்கரத்தை மேசையில் பூட்டிக் கணினியில் கார் ஓட்டும் இளைஞர்கள் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலைகூட நடுத்தர வீட்டுக்கு எட்டாமல் போனது. வீதியில் ஓடும் கார்களிலும் ஒட்டோ கியரும் ஹைபிரிட்டும் பெருகிவிட்டன. கிளச் மிதித்துக் கியர் போடும் ஒரு காரில் ஏறி உட்காரும் வாய்ப்பே இன்று ஓர் இளைஞருக்குக் குறைவு. ஆகவே சக்கரமும் மிதிகளும் வாங்கியவர் அடுத்ததாகக் கேட்பது இதைத்தான்: கியர் லீவர் வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த வகை, எப்படிப் பயன்படுத்துவது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லீவர் எவரையும் வேகமான ஓட்டக்காரர் ஆக்காது. இணையப் போட்டியில் சுற்று நேரத்தைக் குறைப்பதுதான் நோக்கமென்றால் அந்தப் பணம் நல்ல பிரேக் மிதிக்குப் போகட்டும். எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சக்கரங்களும் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதை உடம்பால் கற்க விரும்புபவருக்கு லீவர் அவசியம். அதை வாங்கும் இலங்கையர், கடைப் படங்களில் இருப்பதுபோல் வலப்புறத்தில் பூட்டாமல் இடப்புறத்தில் பூட்ட வேண்டும்.

போட்டிக் கார்களிலிருந்து லீவர் எப்படி மறைந்தது என்று தெரிந்தால் தேர்வு பாதி எளிதாகிவிடும். 1989 மார்ச்சில் பிரேசில் கிராண்ட் பிரீ பந்தயத்துக்கு ஃபெராரி கொண்டுவந்த 640 காரில், ஜோன் பர்னார்ட் வடிவமைத்த புதிய ஏற்பாடு ஒன்று இருந்தது. சக்கரத்துக்குப் பின்னால் விரலால் இழுக்கும் இரண்டு பேடில்கள். ஒன்று கியரை ஏற்றும், மற்றது இறக்கும். அந்தக் கார் பாதி வழியில் நின்றுவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். நைஜல் மன்செல் அதை முதல் போட்டியிலேயே வெற்றிக்கு ஓட்டினார். சில ஆண்டுகளில் மற்ற அணிகளும் அதைப் பின்பற்றின. 1995இல் ஓடிய ஃபோர்ட்டி அணியின் கார்தான் கையால் கியர் மாற்றும் பெட்டியோடு போர்முலா 1இல் ஓடிய கடைசிக் கார். போர்ஷே கப் பந்தயக் கார்கள் 2013இல் பேடிலுக்கு மாறின. இன்று ஜிடி3 வகுப்புக் கார்கள் அனைத்திலும் பேடில்தான். நடிகர் அஜித் குமார் 2025 ஜனவரியில் தன் அணியோடு துபாய் 24 மணி நேரப் போட்டிக்குப் போனபோது நம்மவர்கள் பலர் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் அதைப் பார்த்தார்கள். அந்தக் காட்சிகளால் கவரப்பட்டு அதே வகைக் கார்களை வீட்டில் ஓட்ட விரும்புபவருக்குத் தனி லீவர் எதுவும் தேவையில்லை. வாங்கிய சக்கரத்திலேயே பேடில்கள் இருக்கும்.

ஆனால் எல்லாப் பந்தயமும் அந்த வழியில் போகவில்லை. உலக ரலி சாம்பியன்ஷிப்பின் உயர்மட்டக் கார்கள் சில ஆண்டுகள் பேடிலோடு ஓடிவிட்டு, 2022இல் வந்த ரலி1 விதிகளின்படி மறுபடி கையால் இழுக்கும், ஒரு தட்டுக்கு ஒரு கியர் மாறும் சீக்வென்ஷியல் லீவருக்குத் திரும்பின. கியர்களும் ஐந்தாகக் குறைந்தன. அமெரிக்காவின் நாஸ்கார் அதே 2022இல், வீதிக் கார்களில் இருப்பதுபோன்ற நான்கு கியர் எச் லீவரை விட்டு ஐந்து கியர் சீக்வென்ஷியலுக்கு வந்தது. நம் நாட்டில் நுவரெலியாவின் மககஸ்தோட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. ஏப்ரல் வசந்தகாலத்தில் அங்கே கூடும் கூட்டம் மலையகத்துக்குப் பழக்கமானது. ராதெல்லவிலும் அதுபோன்ற போட்டி நடக்கிறது. அங்கே ஏறும் கார்களில் பெரும்பாலானவை ஹொண்டா சிவிக், மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் போன்று வீதிக் கார்களாகப் பிறந்து பந்தயத்துக்கு மாற்றப்பட்டவை. நம் இளைஞர் கனவு காணும் கார் இவற்றில் ஒன்றென்றால் வீட்டிலும் லீவர் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

லீவர்கள் இரண்டு வகை. எச் லீவரில் ஒவ்வொரு கியருக்கும் ஓர் இடம் உண்டு. நாம் வீதிக் காரில் பார்ப்பது அது. சீக்வென்ஷியல் லீவரில் முன்னே தள்ளுவதும் பின்னே இழுப்பதும் மட்டுந்தான். ஒரு தட்டுக்கு ஒரு கியர். இடையில் ஒன்றை விட்டுத் தாண்ட முடியாது. புதிதாகக் கேட்பவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றினாலும் மோட்டார் சைக்கிள் ஓட்டிய எவருக்கும் இது ஏற்கெனவே தெரியும். காலால் மாற்றும் அந்தக் கியர் முழுக்க வரிசை ஒழுங்குதான். முச்சக்கர வண்டியின் இடது கைப்பிடியைத் திருகி ஒன்று, நியூட்ரல், இரண்டு, மூன்று, நான்கு என்று போவதும் அதே ஒழுங்கு. நம் ஊர்களில் எச் லீவரைவிட வரிசைக் கியருக்குப் பழகிய கைகளும் கால்களும்தான் அதிகம் என்று நினைக்கிறேன். அதனால் முதல் லீவராக சீக்வென்ஷியலை எடுப்பவரைக் குறை சொல்ல மாட்டேன். பந்தயக் கார்களில் ஏற்றுவதற்குப் பின்னே இழுப்பதும் இறக்குவதற்கு முன்னே தள்ளுவதும் வழக்கம். பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னே சாய்கிறது. கையும் அதோடு போகும். வேகமெடுக்கும்போது உடம்பு பின்னே போகும், கை இழுக்கும். விளையாட்டில் எந்தத் திசை எதற்கென்று மாற்றி வைக்கலாம் என்றாலும் இந்த ஒழுங்கை விடாமல் இருப்பது நல்லது.

இனி இடது கை விஷயம். இதில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ஐரோப்பிய, அமெரிக்க விமர்சகர்கள் இதைத் தொடுவதே அரிது. அவர்களில் பெரும்பாலானோரின் கார்களில் சாரதி இடப்புறத்தில் உட்காருகிறார். லீவர் அவருடைய வலக் கைக்கு வருகிறது. நாம் வலப்புறத்தில் உட்காருகிறோம். ஆனால் எச் வடிவத்தின் கியர் அமைப்பு இரண்டு பக்கத்துக்கும் ஒன்றேதான். வீதிக் கார்களில் முதலாம் கியர் வழக்கமாக இடப்பக்கம் மேலே. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது லீவர் வலப்பக்கம் நகர வேண்டும். அவர்களுடைய கை உடம்பிலிருந்து விலகித் தள்ளுகிறது. நம்முடைய கை உடம்பை நோக்கி வருகிறது. அவர்களுக்கு முதலாம் கியர் தொடைக்கு அருகே, ஐந்தாம் கியர் தூரத்தில். நமக்கு முதலாம் கியர் தூரத்தில், ஐந்தாம் கியர் தொடைக்கு அருகே. தசைகள் வேறு, தவறு நடக்கும் இடங்களும் வேறு. வலப்புறத்தில் லீவரைப் பூட்டி ஆறு மாதம் பழகியவர் அப்பாவின் ஆல்டோவில் ஏறினால் அந்தப் பழக்கத்தில் பாதி உதவாது.

இடப்புறத்தில் பூட்டுவதற்குப் பெரும்பாலான லீவர்களில் தடையில்லை. மேசை விளிம்பைப் பிடிக்கும் கிளாம்ப் எந்தப் பக்கமும் பிடிக்கும். வயர் நீளம் போதுமா என்று மட்டும் முன்கூட்டியே அளந்து பாருங்கள். இன்னொரு வசதியும் உண்டு: மேசையின் வலப்புறம் மவுஸுக்கு மிஞ்சும். விளையாட்டுக்குள்ளும் நம் பக்கத்துக் கார்கள் நிறைய. அசெட்டோ கோர்ஸா என்ற கார் விளையாட்டின் 2016 ஜப்பானியத் தொகுப்பில் டொயோட்டா ஏஇ86, மஸ்டா ஆர்எக்ஸ்-7, நிசான் ஸ்கைலைன் போன்றவை வந்தன. வலப்புற இருக்கையுள்ள காரில் திரையில் அசையும் கையும் நம் கையும் ஒன்றாக இருக்கும்போது மூளைக்குக் குழப்பமில்லை. ஐரோப்பியப் பந்தயக் கார் ஓட்டும்போது திரையில் வலக் கை அசைந்தாலும் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். ஒரு பக்கத்தைத் தீர்மானித்து அதிலேயே நிற்பதுதான் முக்கியம். ஹேண்ட் பிரேக்கும் வைக்க விரும்புபவர் அதையும் இடப்புறத்திலேயே, லீவருக்குச் சற்றுப் பின்னால் வைக்கலாம்; வீதிக் காரில் அது இருக்கும் இடம் அதுதான்.

வாங்கும்போது விழும் முதல் பள்ளம் கிளச். எச் லீவர் வாங்கிவிட்டு வீட்டில் இரண்டு மிதிகள் மட்டுமே இருப்பதைக் கண்டு திகைத்தவர்கள் பலர். லொஜிடெக் ஜி29, ஜி920, ஜி923 ஆகிய சக்கரங்களோடு மூன்று மிதிகள் வருகின்றன. த்ரஸ்ட்மாஸ்டர் டி150இன் சாதாரணத் தொகுப்பில் இரண்டுதான். மோசா ஆர்5 தொகுப்பிலும் இரண்டு. கிளச்சைத் தனியே வாங்க வேண்டும். மிதி இல்லாமல் தானியங்கிக் கிளச்சோடு எச் லீவரை அசைக்கலாம். ஆனால் அதில் கற்க எதுவும் மிஞ்சாது. முதலில் மூன்று மிதிகள், பிறகு லீவர். பணம் ஒன்றுக்குத்தான் போதுமென்றால் மிதியை எடுங்கள்.

இரண்டாம் பள்ளம் இணைப்பு. லொஜிடெக்கின் டிரைவிங் ஃபோர்ஸ் ஷிஃப்டருக்கு யுஎஸ்பி முனை கிடையாது; ஒன்பது ஊசிகள் கொண்ட ஒரு பழைய வகை முனையால் அது அதே நிறுவனத்துச் சக்கரத்தோடு சேரும். வேறு சக்கரம் வைத்திருப்பவர் அதைக் கணினியில் நேரே குத்த முடியாது. இடையில் ஒரு மாற்றி வேண்டும். த்ரஸ்ட்மாஸ்டரின் டிஎச்8ஏ லீவர் யுஎஸ்பியாலும் சேரும், அந்த நிறுவனத்துச் சக்கரத்தின் அடிப்பெட்டியாலும் சேரும். கணினியில் ஓட்டுபவருக்கு யுஎஸ்பி முனை இருந்தால் கவலையில்லை. சக்கரம் ஒரு நிறுவனம், மிதி இன்னொன்று, லீவர் மூன்றாவது என்று கலந்தாலும் இன்றைய விளையாட்டுகள் ஏற்கும். பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் வைத்திருப்பவர் மட்டும் தன் சக்கரத்தோடு பொருந்தும் என்று உறுதியாகத் தெரிந்த லீவரை வாங்க வேண்டும்.

பொருட்களைப் பற்றி. லொஜிடெக்கின் அந்த ஷிஃப்டர் ஆறு கியர், ஒரு ரிவர்ஸ். லீவரைக் கீழே அழுத்திக்கொண்டு நகர்த்தினால்தான் ரிவர்ஸ் விழும். வெளிநாட்டில் சுமார் 60 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. இலேசானது, தூரம் குறைவு, விழும் உணர்வு மங்கல். இருந்தும் முதல் லீவர் என்ற வகையில் இதை நான் மதிக்கிறேன். ஆயிரக்கணக்கானோர் எச் கற்றது இதிலும் இதற்கு முந்திய ஜி25, ஜி27 தொகுப்புகளின் லீவரிலும்தான். 2006இல் வந்த ஜி25இன் லீவரில் எச், சீக்வென்ஷியல் இரண்டுக்கும் மாற்றும் திருகி இருந்தது. ஜி27இல் அதை எடுத்துவிட்டார்கள். டிஎச்8ஏ உலோகத்தால் ஆனது. ஏழு கியர், தட்டை மாற்றினால் சீக்வென்ஷியலும் ஆகும். அதன் உள்ளே உராயும் பகுதிக்குப் பதிலாகக் காந்த உணரி இருக்கிறது. விலையும் எடையும் கூட; மெல்லிய மேசையில் பூட்டினால் மேசையே ஆடும். மலிவுப் பதிப்பாக 2022இல் டிஎச்8எஸ் வந்தது. ஃபனாடெக்கின் கிளப்ஸ்போர்ட் ஷிஃப்டர் பக்கவாட்டு நெம்புகோலால் எச்சிலிருந்து சீக்வென்ஷியலுக்கு மாறும், நல்ல பொருள். ஆனால் அதன் தாய் நிறுவனமான எண்டோர் 2024இல் திவால் நடவடிக்கைக்குப் போய், கோர்செயார் அதை வாங்கியது. இவ்வளவு தூரத்தில் இருக்கும் நாம் விலையுயர்ந்த பொருள் வாங்கும்போது திருத்த உதவி எங்கிருந்து வரும் என்பதையும் எண்ணவேண்டும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு. சீனத்து மோசாவின் எச்ஜிபி எச் வகை, எஸ்ஜிபி சீக்வென்ஷியல். சிமாஜிக் டிஎஸ்-8எக்ஸ் இரண்டையும் செய்யும், விலையும் அதற்கேற்ப. பிஎக்ஸ்என் வி9 என்ற மலிவுத் தொகுப்பில் சக்கரம், மூன்று மிதி, ஆறு கியர் லீவர் எல்லாம் சேர்ந்தே வரும். சக்கரத்தின் பலம் சாதாரணமானது என்றாலும், கியர் போடுவது என்றால் என்னவென்று அறிய விரும்பும் பள்ளி மாணவனுக்கு அது போதும்.

ரூபா விலை நான் எழுதவில்லை. 2022இல் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தாண்டியதைக் கண்டவர்களுக்குக் காரணம் புரியும். வெளிநாட்டு விலையோடு கப்பற்கூலி, சுங்கம், விற்பவரின் இலாபம் எல்லாம் சேரும் என்பதால், எந்த லீவரும் விளம்பர விலையில் வீட்டுக்கு வருவதில்லை.

அதனால்தான் கையால் செய்துகொள்ளும் வழியை நான் தீவிரமாகப் பரிந்துரைக்கிறேன். பல்லேகல கைத்தொழிற்பேட்டையைச் சுற்றியும் கண்டி வீதியோரங்களிலும் கடைசல், வெல்டிங் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய கார்களின் லீவர்கள், குமிழ்கள், ஸ்பிரிங்குகள் கிடைக்கின்றன. ஒரு லீவர் கணினிக்குச் சொல்ல வேண்டியது மிகக் குறைவு: எந்த இடத்தில் இருக்கிறேன் என்பது மட்டுமே. ஆறு கியரும் ரிவர்ஸும் என்றால் ஏழு சிறு சுவிட்சுகள். அவற்றை ஆர்டுயினோ ப்ரோ மைக்ரோ என்ற விரலளவுப் பலகையில் இணைத்தால் கணினி அதை ஒரு ஜொய்ஸ்டிக் என்று ஏற்றுக்கொள்ளும். மின்னணுப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. கடினம் இரும்பில்தான். எச் வெட்டிய தட்டின் விளிம்புகள் மழுங்க வழித்திருக்க வேண்டும். ஒவ்வொரு கியரிலும் லீவர் தங்கி நிற்க ஸ்பிரிங்கால் அழுத்தப்படும் ஓர் உருண்டையும் அதற்கேற்ற பள்ளமும் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், நியூட்ரலில் கையை எடுத்தால் லீவர் தானாக மூன்று, நான்கு இருக்கும் நடுக்கோட்டுக்குத் திரும்ப இரண்டு பக்கமும் ஸ்பிரிங் இருக்க வேண்டும். அந்த நடுத்திரும்பல் இல்லாத வீட்டுத் தயாரிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் தவறான பழக்கத்தைத்தான் கற்றுத்தரும். சீக்வென்ஷியல் செய்வது இன்னும் எளிது: இரண்டு சுவிட்ச், இரண்டு ஸ்பிரிங், உறுதியான ஓர் அச்சு.

பூட்டும் இடத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். நல்ல லீவர் ஆடும் மேசையில் கெட்ட லீவராகிவிடும். பெரும்பாலான வீடுகளில் மேசை மெல்லிய பலகை, நாற்காலி பிளாஸ்டிக், தரை வழுக்கும் சீமெந்து. கிளச்சை மிதித்தால் நாற்காலி பின்னே போகும், லீவரை இழுத்தால் மேசை முன்னே வரும். சக்கரம் வைத்த கணினி நாற்காலியில் கியர் மாற்றிப் பழக முயல்வது வீண். மிதிப் பலகையைச் சுவரில் முட்ட வைத்து, நாற்காலிக் காலையும் மிதிப் பலகையையும் ஒரு நாடாவால் கட்டினால் பாதித் தொல்லை தீரும். சதுர இரும்புக் குழாயில் ஒரு சட்டகம் வெல்டிங் செய்து, பழைய கார் இருக்கை ஒன்றைப் பொருத்துவது அடுத்த படி. இறக்குமதிச் சட்டகத்தைவிட மலிவு, உறுதியும் குறையாது. எச் லீவரின் குமிழ், சக்கரத்தைப் பிடித்த கை இயல்பாகக் கீழிறங்கும் இடத்தில், தொடையின் உயரத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். முழங்கை முழுவதும் நீளக் கூடாது. சீக்வென்ஷியல் அதைவிட உயரத்தில், சக்கரத்துக்கு அருகே. ரலிக் கார்களில் அப்படித்தான் வைப்பார்கள். கை சக்கரத்தை விட்டு விலகும் நேரம் குறையும்.

இனிப் பயன்படுத்துவது. எந்த எச் லீவரும் உண்மைக் காரின் ஒரு குணத்தைத் தராது என்பதை அறிந்து தொடங்க வேண்டும். காரில் கிளச் மிதிக்காமல் கியர் போட முயன்றால் லீவர் உள்ளே போகாது, கரகரவென்று எதிர்க்கும். மேசை லீவர் எப்போதும் உள்ளே போய்விடும். கிளச் மிதிக்கவில்லையென்றால் விளையாட்டு அதை நியூட்ரலாக எடுத்துக்கொண்டு பல் அரையும் ஒலியை மட்டும் தரும். ஆகவே இந்தப் பொருள் கற்றுத்தருவது எப்போது, எந்த வரிசையில் என்பதை. எவ்வளவு அழுத்தம் என்பதை அது கற்றுத்தராது. அதைக் கார்தான் சொல்ல வேண்டும்.

கையைப் பிடிக்கும் விதம் முதலில். குமிழை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. முதலாம், இரண்டாம் கியர்களுக்கு உள்ளங்கை வெளிப்பக்கம் பார்த்து லீவரைத் தன்னிடமிருந்து தள்ளிக்கொள்ள வேண்டும். மூன்றுக்கும் நான்குக்கும் விரித்த கையால் முன்னே தள்ளுவதும் பின்னே இழுப்பதும் மட்டும். பக்கவாட்டு வேலையை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். ஐந்து, ஆறுக்கு உள்ளங்கை தன் பக்கம் பார்த்து லீவரை உடம்பை நோக்கி அணைக்க வேண்டும். தவறுகள் பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது நடக்கின்றன. நியூட்ரலில் ஒரு கணம் கையைத் தளர்த்தி லீவர் நடுவுக்கு வர விடாமல் நேரே முன்னே தள்ளினால் முதலாம் கியரில் விழும். பதறித் தன் பக்கம் இழுத்தால் ஐந்தில் விழும். இதைவிட மோசம், வேகத்தில் ஐந்திலிருந்து நான்குக்கு இறக்க நினைத்து லீவரை அளவுக்கு மேல் தள்ளி இரண்டில் போடுவது. உண்மைக் காரில் அது எஞ்சினையே உடைக்கும். வீட்டில் திரையில் புகை வரும், செலவில்லை. அந்தத் தவறை வேண்டிய அளவு வீட்டிலேயே செய்து முடித்துவிடலாம் என்பது இந்தப் பயிற்சியின் உண்மையான இலாபம்.

எந்த விளையாட்டில் பழகுவது? கிளச்சையும் கியர்ப்பெட்டியையும் கற்க பீம்என்ஜி டிரைவை முதலில் வைப்பேன். அதன் அமைப்பில் கியர்ப்பெட்டி முறையை ஆர்கேடிலிருந்து ரியலிஸ்டிக்குக்கு மாற்றினால் கார் நின்றுபோகும், கிளச் சூடேறும், பிரேக் சூடேறிப் பிடிப்பு இழக்கும். ஒரு மலைச்சரிவில் நிறுத்தி, அரைக் கிளச்சில் பின்னே நழுவாமல் கிளம்பப் பழகுங்கள். கண்டி நகர நெரிசலில் ஏற்றத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். பிறகு நீண்ட இறக்கம் ஒன்றை மூன்றாம் கியரில் பிரேக்கோடும், மறுமுறை இரண்டாம் கியரில் எஞ்சினோடும் இறங்கிப் பாருங்கள். முதல் முறை பாதி வழியில் பிரேக் மிதி பயனற்றுப் போவதைக் காலால் உணர்ந்தவருக்கு, மலைவீதியில் மூத்த சாரதிகள் ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

மலையேற்றப் போட்டியை விரும்புபவருக்கு அசெட்டோ கோர்ஸாவில் இத்தாலியின் ட்ரென்டோ - பொன்டோனே மலைப்பாதை இருக்கிறது. 17 கிலோமீற்றருக்கு மேல், ஓயாத வளைவுகள். அங்கே மெதுவான காரிலிருந்து தொடங்குங்கள். அமைப்பில் எச் ஷிஃப்டரைக் குறித்து, தானியங்கிக் கிளச்சையும் தானாக எஞ்சினை முடுக்கும் உதவியையும் அணைத்துவிட வேண்டும். பிறகு குதிகால் வித்தை. வளைவுக்கு முன் வலக் காலின் முன்பகுதி பிரேக்கில் இருக்க, அதே காலின் ஓரத்தால் எக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினின் சுழற்சியை ஏற்றி, அந்தக் கணத்தில் இடக் காலால் கிளச், இடக் கையால் கீழ் கியர். சுழற்சி பொருந்தாமல் கிளச்சை விட்டால், பின்சக்கரங்களை எஞ்சின் ஓட்டும் காரில் அவை ஒரு கணம் பூட்டிக் கார் சுழலும். மலிவுத் தொகுப்புகளில் மிதிகளின் இடைவெளி சீராக அமைவதில்லை. எக்ஸிலேட்டர் மிதியின் மேல் சிறு ஒட்டுப்பலகைத் துண்டைப் பூட்டி அகலப்படுத்தலாம். காலணி மெல்லியதாக இருக்கட்டும்.

லொறியில் ஆசை உள்ளவரும் நம்மிடம் குறைவில்லை. யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2இல் ஆறு கியர் லீவரோடு பன்னிரண்டு கியர் லொறியை ஓட்டலாம். சக்கரத்தில் ஒரு பட்டனை உயர், தாழ் வரிசை மாற்றத்துக்கு ஒதுக்கினால் போதும். தேயிலைத் தோட்டங்களில் பழைய பெட்ஃபோர்ட் லொறி ஓட்டிய பெரியவர்கள் இருந்தால் இரட்டைக் கிளச் எப்படி என்று அவர்களிடம் கேளுங்கள். கீழ் கியருக்குப் போகக் கிளச் மிதித்து நியூட்ரல், கிளச்சை விட்டு எஞ்சினை முடுக்கல், மறுபடி கிளச் மிதித்துக் கியர். அவர்கள் காதால் கேட்டு எஞ்சினின் சுழற்சியைப் பிடித்தவர்கள். வீட்டு அறையில் பழகுபவரும் சுழற்சிமானியைப் பார்ப்பதை விட்டு ஒலியைக் கேட்கத் தொடங்கும்போதுதான் கியர் போடுவது சீராகிறது.

பராமரிப்பு சுருக்கமானது. லொஜிடெக் லீவரில் இரண்டு உராய்வு உணரிகள் இடத்தை அளக்கின்றன. அவற்றில் தூசு படிந்தால் மூன்றில் போட்டது ஐந்தாக விழும், அல்லது ஓடும்போதே நியூட்ரலுக்குத் தாவும். பலர் லீவர் போய்விட்டது என்று எறிந்துவிடுகிறார்கள். மூடியைத் திறந்து மின்தொடுமுனைகளைத் துடைக்கும் ஸ்பிரேயால் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிளாஸ்டிக் பாகங்களுக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டும் போதும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி இடிக்கும்போது எல்லா வயரையும் கழற்றிவிடுங்கள்.

பழைய லீவர் வாங்குபவர் விற்பவர் வீட்டுக்குப் போய்ச் சோதிக்க வேண்டும். படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பக் கூடாது. கணினியில் விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு கியராகப் போட்டு, எந்த விளக்கு எரிகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கியரிலும் லீவரை விரலால் இடமும் வலமும் இலேசாக அழுத்துங்கள். விளக்கு அணைந்து எரிந்தால் உணரி தேய்ந்திருக்கிறது. ரிவர்ஸைப் பல முறை போட்டுப் பாருங்கள், ஆறாம் கியரோடு குழம்புகிறதா என்று. நியூட்ரலில் கையை எடுத்து லீவர் நடுவுக்கு வருகிறதா என்று பாருங்கள். கிளாம்ப் திருகுகளின் புரி தேய்ந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். வயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தை அசைக்கும்போது இணைப்பு விட்டுப் போனால், அந்த ஈயம் பற்றவைக்கும் வேலைக்கு ஆகும் தொகையைக் கேட்கும் விலையில் கழித்துப் பேசுங்கள்.